இடது பின் சக்கரம்

ஒர்ட்டென்சியா மியாலொன்கோ குந்தி உட்கார்ந்து
டயரின் பக்கச்சுவரைச் சட்டைக் கையால் துடைத்தாள்.
சேற்றுக்கு அடியில் நாலு இலக்கம்.
"பதினோராம் வருஷம், பதினாலாவது வாரம்" என்றாள்,
பிறந்தநாள் சொல்வதுபோல.

பட்டன் நிறைய இருக்கிறதே என்றேன்.
"பட்டன் இருக்கும். ரப்பருக்கு வயசு ஏறும்.
நிற்கிற வண்டிக்கு இன்னும் சீக்கிரம்."
நகம் போன வழியில்
மயிரிழை மயிரிழையாய் வெடிப்பு.

கொய்யைக்கே தாண்டி, தார் முடியும் இடத்தில்
அவளுடைய வல்கனைசிங் கடை.
அதற்கப்பால் தெற்கே ஜல்லிச் சாலை, மழை,
எப்போதாவது ஒரு பசு.

எங்கள் வேனுக்கு முப்பத்தைந்து வயது.
அடுப்பும் கட்டிலும் உண்டு. சன்னல் ஒன்று மூடாது.
விற்றவர் ஒரு பல் டாக்டர்.
டேஷ்போர்டு பெட்டி மூடியின் உட்புறம்
பென்சிலில் எழுதியிருந்தார்:
முன் 32, பின் 36.
ஒன்பது வருஷம் அதுவே எனக்கு வேதவாக்கு.
அவர் எதை ஏற்றினார், எங்கே போனார்,
கேட்டதே இல்லை.

"எடை என்ன?"
ஒரு மாதிரி, ரெண்டு டன்.
"ஒரு மாதிரிக்கு டயர் கிடையாது."

விறகு மண்டியின் எடைமேடையில்
ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினேன்.
நோல்ஃபா உள்ளங்கையில் குறித்துக்கொண்டாள்:
முன்னால் ஐந்நூற்று அறுபது, ஐந்நூற்று ஐம்பத்தைந்து.
வலது பின், அறுநூற்றுத் தொண்ணூறு.
இடது பின், எழுநூற்றுத் தொண்ணூறு.

இந்த டயர் தாங்குவது அறுநூற்றுத் தொண்ணூறுதான் என்று
ஒர்ட்டென்சியா சொன்னபோது
வந்த மலைப்பாதை முழுவதும்
ஒருமுறை என் வயிற்றுக்குள் இறங்கிப் போனது.

தண்ணீர்த் தொட்டி வலப்பக்கம்.
கேஸ் சிலிண்டர் வலப்பக்கம்.
இடதில் என்ன இருக்கிறது?
நோல்ஃபா வானத்தைப் பார்த்தாள். மேகம்தான்.

கட்டிலுக்கு அடியில், கம்பளி மேஜோடுகளுக்குள்,
கல்.
ராத்தங்கிய இடத்துக்கு ஒன்றாக அறுபத்து மூன்று கல்.
ஏரிக்கரை வெள்ளைக் கல்,
எரிமலையின் ஓட்டைக் கல்,
ஈஸ்ட் வைத்த மாவுபோல் உப்பிய ஒன்று.

வண்டி சாய்கிறதென்று
ரெண்டு தடவை ஷாக் அப்சார்பர் மாற்றினேன்.
ரெண்டு தடவையும்
டார்ச் பிடித்தவள் இவள்.

இறக்கிவிடலாம் என்று வாய் வரை வந்தது.
அதற்குள் ஒன்றை என் கையில் வைத்தாள்.
"இது, மூன்று நாள் நீ என்னோடு பேசாத இடம்."
இருந்ததில் அதுதான் கனம்.
வண்டியின் வலப்பக்கம் போய்
அலமாரிக்கு அடியில் வைத்தேன்.
அவள் அடுத்ததை நீட்டினாள்.
பாதி நகர்ந்ததும் மறுபடி மேடை:
எழுநூற்று நாற்பத்திரண்டு, எழுநூற்று முப்பத்தெட்டு.
நாலு கிலோவை மன்னித்தோம்.

அப்போதும் பழைய கார் டயர் பற்றாது.
ஒர்ட்டென்சியா ரெண்டு ஜோடி உருட்டி வந்தாள்.
ஒன்றில் கரடிப்பல் மாதிரி பட்டன்.
"சேற்றில் இறங்கவா, படம் பிடித்து மாட்டவா?"
மற்றது சாதுவானது, எட்டு அடுக்கு,
ஒன்று தொள்ளாயிரம் கிலோ சுமக்கும்.
சாதுவில் நாலு வாங்கினோம்.
ஸ்டெப்னிக்குப் பணம் மிஞ்சவில்லை;
பழையதில் கீறல் குறைந்ததை
அவளே பொறுக்கி மாட்டிக் கொடுத்தாள்,
"மெதுவாக ஊர் சேரும்வரை மட்டும்" என்று.

காலையில், ரப்பர் குளிர்ந்திருக்கையில் பார்க்கவேண்டும்.
தார் ரோட்டில் பின்னால் ஐம்பத்தைந்து பவுண்டு, முன்னால் நாற்பத்திரண்டு.
ஜல்லி வந்தால் பத்து இறக்கு, வேகத்தையும் இறக்கு.
தார் திரும்பினால் காற்றும் திரும்ப வேண்டும்.
என் காற்றுமானி அவளுடையதைவிட நாலு கூடக் காட்டியது.
தூக்கிப் போடப் போனேன்.
"எப்போதும் ஒரே பொய்யென்றால் வைத்துக்கொள்.
கழித்துக்கொள்ளலாம்."

பல் டாக்டரின் எழுத்தை அழிக்கவில்லை.
அதற்குக் கீழே நோல்ஃபா:
முன் 42, பின் 55. கல்லோடு.

சாலை கூரைத் தகரம்போல் வரிவரியாய் மாறிய இடத்தில்
நிறுத்தி, வால்வை அழுத்தினேன்.
காற்று போகிற சத்தம்.
கொட்டாவி விடுகிற நாய்க்கும்
அந்தச் சத்தம் உண்டு.
அலமாரித் தட்டுகள் அன்று உடையவில்லை.

சாயங்காலம் ஆற்றங்கரையில் வண்டி நின்றது.
கொஞ்ச நேரம் கழித்து அவள் ஈரக் கையோடு வந்தாள்,
முதுகுக்குப் பின்னால் எதையோ மறைக்காமல்.
"எந்தப் பக்கம்?"
வாங்கி, கையில் தூக்கிப் பார்த்தேன்.