இருபத்தாறு யுவான்

புயல் வருமென்று
சாயப்பட்டறைக்கு ஒரு ராத்திரி விடுமுறை.
பதினாலு மாதத்தில் முதல் தடவையாக
நீயும் நானும்
இருட்டில் ஒரே நேரத்தில் விழித்திருக்கிறோம்.

உனக்கு இரவு ஷிஃப்ட், எனக்குப் பகல்.
நான் எழுந்த சூட்டில் நீ படுப்பாய்.
வாசலில் செருப்பு மாற்றும் அரை நிமிடம்தான்
ஷாவோஷிங்கில் நம் குடித்தனம்.
"எங்காவது வெளியே போகலாமா?" என்பேன்.
"நாளைக்கு" என்பாய்,
ஒற்றைச் செருப்போடு நின்று.

புயல் நிங்போ பக்கம் திரும்பிவிட்டதாம்.
தூறல் மட்டும் முகவரி மாறி இங்கே வந்திருந்தது.

பதினோராம் மாடி உணவகத்தில்
ஜன்னலோர மேஜை சொல்லி வைத்திருந்தாய்.
பூட்டியிருந்தார்கள்.
கண்ணாடிக் கதவில் குறுக்கும் நெடுக்கும் டேப்;
அதில் நம் இருவர் முகத்தின் மேலும்
பெரிய பெருக்கல் குறி.
நீ இஸ்திரி போட்ட சட்டையில்.
நான் தோடுகூட மாற்றியிருந்தேன்.
யார் முதலில் சிரித்ததென்று
இப்போதும் தகராறு.

கால்வாயில் கருங்கூரைப் படகுகளை
ஒன்றோடொன்று கட்டிப்போட்டிருந்தார்கள்,
முட்டிக்கொள்ளாமலிருக்க இடையில் பழைய டயர்.
கல்பாலம் வழுக்கும் என்று கை கொடுத்தாய்.
பாலம் முடிந்தும் விடவில்லை.
உன் நகக்கண்ணில் நீலம்.
போன வாரம் சிவப்பு.
தலையணை உறையில் நீ விட்டுப்போகும் கறையை வைத்துத்தான்
எனக்குத் தெரியவரும்
உலகம் அடுத்து என்ன நிறம் உடுத்தப்போகிறதென்று.

ஷட்டரைப் பாதி இறக்கிய ஒரு கடை.
குனிந்து நுழைந்தோம்.
ஷென் அக்காவும், ஆவியும், ஒரு பூனையும்.
காய்ந்த கடுகுக்கீரை போட்ட நூடுல்ஸ்,
இஞ்சி தட்டிச் சூடாக்கிய மஞ்சள் மது ஒரே கோப்பை.
மாறி மாறிக் குடித்தோம்.
உன் மூக்கு நுனி வியர்க்குமென்பதை
மறந்தே போயிருந்தேன்.

காசு கொடுக்கப் போனால்
உன் போன் கண்ணை மூடிவிட்டது.
என்னுடையது வீட்டில், சார்ஜில்.
மொழிபெயர்ப்பவனும் அதற்குள்ளேதான் செத்துக் கிடந்தான்.
போனுக்கு உயிர் கொடுக்கும் பெட்டி மூலையில் நிற்கிறது;
அதைத் திறக்க
உயிருள்ள ஒரு போன் வேண்டும்.
உன் பையில் ஒரு பழைய பஸ் சீட்டு,
நம்மூர்ப் பத்து ரூபாய்.

வாட்சைக் கழற்றி நீட்டினாய்.
அவள் பார்த்தாள்:
இஸ்திரிச் சட்டை, என் தோடு, நனைந்த நான்கு கால்கள்.
வாட்சை உன் மணிக்கட்டிலேயே மாட்டி
வாரையும் இழுத்து விட்டாள்.
"மிங்தியன்."

அந்தச் சொல் எனக்குத் தெரியும்.
நாளைக்கு.
சம்பளக் கிளார்க் வாயில் அது பொய்.
உன் வாயில் அலுப்பு.
இவள் சொன்னபோதுதான்
அப்படி ஒரு நாள் உண்மையிலேயே இருக்கிறதென்று பட்டது.

பெயர் கேட்டாள். "பரிதி."
"பா-லி-தி" என்று
காலண்டரில் மூன்று எழுத்து வரைந்தாள், பக்கத்தில் 26.
என்னைப் பார்த்து, எழுத்துகளுக்குக் கீழே
ஒரு சின்னக் கோடு.
அது நானாம்.
பிறகு, கேட்காமலே, இன்னும் அரைக் கோப்பை.
கடனோடு கடன்.

வீட்டுக்கு வந்ததும் போனுக்கு ஒயரைத் தேடினாய்,
உடனே அனுப்பிவிட வேண்டுமென்று.
கையைப் பிடித்தேன்.
இந்த ஊரில் நம்மை யாரோ எதிர்பார்க்கிறார்கள்,
விடியும்வரை இருந்துவிட்டுப் போகட்டும்.

விளக்கை அணைக்குமுன்
இருவரும் படுக்கையைப் பார்த்து நின்றோம்.
மெத்தையில் ஒரே ஒரு குழி.
இத்தனை நாளும்
ஒரே இடத்தில்தான் படுத்திருக்கிறோம்.
"நீ எந்தப் பக்கம்?" என்றாய்,
கல்யாணத்தன்றுகூட இல்லாத கூச்சத்தோடு.

தெரியாது என்றேன்.
படுத்தோம்.
குழி இருவரையும் நடுவுக்குச் சரித்தது.