பதினொரு அங்குல மலை

எங்கள் ஊரில் மலை இல்லை.
கோப்பாயிலிருந்து எந்தப் பக்கம் சைக்கிள் மிதித்தாலும்
கடைசியில் தண்ணீர்தான் மறிக்கும்.
ஆகவே மலையைக் குருநகரில் எடுத்தேன்:
மீன் ஏற்றிய ரெஜிபோம் பெட்டி நாலு.
றெஜினோல்ட் காசு வேண்டாம் என்றான்.
"என்னத்துக்கு?"
"பல்லிக்கு."
பிறகு அவன் ஒன்றும் கேட்கவில்லை.

தேசிக்காய் தேய்த்து மூன்று நாள் கழுவியும்
மலையில் அறுக்குளா வாசம்.

கத்தியால் செதுக்கினேன்.
சீமெந்தைத் தயிர்ப் பதத்தில் கரைத்துப் பூசி
காய முன்னம் பழைய பிரஷால் குத்திக் குத்திச்
சொரசொரப்பாக்கினேன்.
பக்கத்தில் கைபேசி. அதில் ஆப்கான் மலைச்சரிவு ஒன்று,
அணைய அணையத் தட்டி எழுப்பியபடி.

அந்தச் சரிவை இது கண்டதே இல்லை.
தெஹிவளையில் யாரோ வீட்டு அடைகாக்கும் பெட்டியில் பொரித்து
ஐஸ்கிரீம் டப்பாவில் வளர்ந்து
கனடா போன தர்மினி விட்டுப்போன சாமான்களோடு
என்னிடம் வந்தது:
ஒரு மேசை விசிறி, அரைப் போத்தல் சம்பூ, கச்சான்.

கச்சான் அதன் பெயர்.
வறுத்த கோதின் மஞ்சள், அங்கங்கே கருகல்.

மணற்காட்டு மணல் வடிவுதான்.
ஆனால் பூச்சியோடு சேர்த்து விழுங்கும், குடல் அடைக்கும்.
அதனால் செம்மண்ணும் களியும் நனைத்து
அடித்து இறுக்கி முற்றத்தில் காயவிட்டேன்.
வீட்டுக்கார மரியறோசலின் அக்கா குனிந்து பார்த்தா.
"நத்தாருக்கு இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு,
இப்பவே குடிலோ?"
கண்ணாடிப் பெட்டியைக் காட்டினேன்.
"கர்த்தரே" என்றா, "இதுவோ பாலன்?"

ஒரு பக்கம் சூடு, மறு பக்கம் குளிர்,
நடுவில் உடைந்த தயிர்ச்சட்டி, உள்ளே ஈரப் பாசி,
தோல் உரிக்கும் நாளுக்கு.
விளக்கின் கீழே, கிணறு வெட்டிய குழியில் பொறுக்கிய
சுண்ணக்கல்.
எலும்பைப் படம் பிடிப்பது என் வேலை;
கல்லுக்குள் கிடந்த சிப்பியின் விலா
உடனே கண்ணில் பட்டது.

எல்லாம் வைத்து, கச்சானையும் விட்டேன்.
அது நேரே மூலைக்குப் போய்
நான் எடுக்க மறந்த ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் படுத்தது.
பத்து நாள்.
இரவு ட்யூட்டி முடிந்து விடிய வருவேன்.
மலை அப்படியே நிற்கும்.
சுவர்ப் பல்லி மட்டும் வெளியே கண்ணாடியில் ஒட்டி
"ச்சு ச்சு" என்று
என்னவோ பலன் சொல்லும்.
கச்சான் எதையும் சொல்லாது. அதற்கு இமை இருக்கிறது,
மூடிக்கொள்ளும்.

பதினோராம் இரவு எனக்கு லீவு. கரண்ட் போனது.
கல் ஆறிவிட்டதோ என்று கையை விட்டேன்,
இன்னும் சுட்டது, ஆனால் கல்லில் ஆள் இல்லை.
கைபேசி வெளிச்சத்தைத் தாழ்த்தித் தேடினேன்.

உச்சியில் நின்றது.
வால் சரிவில் தொங்க, ஒரு காலைத் தூக்கியபடி.
கொஞ்ச நேரம் அப்படியே.
பிறகு தலையைக் குனிந்து
ஆப்கானிஸ்தானை ஒருதரம் நக்கிப் பார்த்தது.

அறுக்குளா.

இன்னொருதரம் நக்கியது.
இறங்கி டப்பாவுக்குள் போய்விட்டது.