பன்னிரண்டு கூடுகள்

விநாடிக்கு
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது அடி.
நாற்பத்தாறு. முப்பத்தெட்டு.
நாலாவது தோட்டா, மூவாயிரத்து ஏழு.
வேகமானியைத் தட்டினேன்,
தட்டினால் சொன்னதை மாற்றிக்கொள்ளும் என்பதுபோல.

ஒரே மருந்து, ஒரே குண்டு,
அடைத்ததும் ஒரே கை.
எல்க் வேட்டை திறக்க இன்னும் பதினோரு நாள்.

பகலில் நான் லாரி நிறுப்பவள்,
கட் பேங்க் ரயிலடித் தானியக் கிடங்கில்.
நாற்பது டன் கோதுமையில் இருபது கிலோ பிசகினால்
ஓட்டுநரும் சிரிப்பார், நானும் சிரிப்பேன்.
இரவில் காரேஜில்
குன்றிமணியில் இருபதில் ஒரு பங்குக்காக
மூச்சை அடக்கி உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் மேகத்தின் மேல் பழி போட்டேன்.
வேகமானியின் கண்ணில் நிழல் விழுந்திருக்கும்.
மறுநாள் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.
மூவாயிரத்துப் பன்னிரண்டு.

பிறகு தராசு.
ஹீட்டர் விசிறி உறுமும்போதெல்லாம்
கடைசி இலக்கம் நடுங்குவதைப் பார்த்துவிட்டேன்.
அகப்பட்டாயா என்று ஹீட்டரை அணைத்தேன்.
விரல் நுனி வெட்டிய கையுறையோடு
இருபது தோட்டாவை மறுபடி அடைத்தேன்.
கதவிடுக்கில் மொன்டானாவின் காற்று
மூக்கை நுழைக்காமல் பழைய கம்பளியைச் செருகினேன்.
தராசின் நடுக்கம் நின்றது.
எண்களின் நடுக்கம் நிற்கவில்லை.

பிரைமர் மாற்றினேன்.
கூட்டின் கழுத்துகளைத் தீயில் காட்டி இளக்கினேன்,
கட்டைவிரல் கொப்பளித்ததுதான் மிச்சம்.
இதற்குள் ஒன்பது நாள் ஆறாகியிருந்தது.

அன்று ராத்திரி
மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில்
ஒவ்வொரு வேகத்துக்கும் ஒரு புள்ளி வைத்தேன்.
சிதறல் என்றுதானே இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்தேன்?
சிதறலே இல்லை.
இரண்டு கூட்டம்.
நடுவில் ஆளில்லாத வெளி.

காலிக் கூடுகளை நிறுத்தேன், ஐம்பதையும்.
முப்பத்தெட்டு ஓரெடை.
பன்னிரண்டு கனம்.
அடியில் பொறித்திருப்பது அதே கம்பெனி,
ஆனால் எழுத்தின் வால் கொஞ்சம் நீளம், பழைய வார்ப்பு.
சுவர் தடிப்பு, வயிறு சிறிது.
அதே மருந்து இடம் போதாமல் நெருங்கி
இன்னும் ஆத்திரமாக வெளியேறுகிறது.

செப்டம்பரில் என் தம்பி கேலன் இந்தப் பெட்டியை
இரவல் வாங்கிப் போனான்.
ஐம்பது கொடுத்தேன், ஐம்பது வந்தது.
தின்ற தட்டைக் கழுவாதவன்
கூடுகளைப் பளபளவென்று தேய்த்துக் கொடுத்தான்.
அப்போதே தராசு வைத்திருக்க வேண்டும்.

பன்னிரண்டை எங்கேயோ புல்லில் தொலைத்திருக்கிறான்.
பன்னிரண்டை யாரிடமோ வாங்கி நிரப்பியிருக்கிறான்.
யாரிடம் என்று எனக்குத் தெரியும்.
அந்த நீள வால் எழுத்தை
கிரேட் ஃபால்ஸ் கடையில், என் சம்பளத்தில்,
ரோஸ்கோவின் நாற்பதாவது பிறந்தநாளுக்கு
நான்தான் வாங்கினேன்.

விவாகரத்துக்குப் பிறகு
அவன் முகத்திலேயே விழித்ததில்லை என்று
நன்றி விருந்து மேசையில், வான்கோழிக்கு முன்னால்,
சத்தியம் செய்தவன் கேலன்.

வியாழக்கிழமை போன் செய்தான்.
"வேகம் சரியாச்சா, அக்கா?"
"ஆச்சு. கூடு கலந்திருந்தது."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் காற்று மட்டும்.
எப்படிக் கலந்தது என்று அவன் கேட்கவில்லை.
"சனிக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பறோம்?" என்றான்.
நாலு மணிக்கு என்றேன்.

வெள்ளி மாலை முப்பத்தெட்டிலிருந்து பத்து சுட்டேன்.
பத்தும் ஒன்பது அடிக்குள்.
சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், பட்டேன்தான்.

பிறகு, தேவையில்லாமல்,
கனத்த பன்னிரண்டுக்கும் மருந்தைக் குறைத்து அடைத்து
தனியாகச் சுட்டுப் பார்த்தேன்.
எட்டு அடிக்குள் நின்றன.
என்னுடையவற்றைவிட ஓர் அடி ஒழுங்கு.

காபி டப்பாவில் போட்டு மூடி
மேலே டேப் ஒட்டினேன்.
பேனாவைத் திறந்தேன்.
யார் பெயரை எழுதுவது?
இப்போதைக்கு
எடையை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.