இரண்டு கறுப்பு ராஜா

ஒரு கொட்டை நூறு ரூபாய்.
ஜெசிந்தா தோட்டத்துக் காப்பிக்கொட்டை, தொலி போகாதது.
குவளைக்கு ஐம்பது எண்ணிப் போட்டு
ஆளுக்கு ஒன்று நகர்த்தினாள்.
கட்டைப் பிரித்தபோது ஜன்னலில்
மஞ்சக்குட்டைப் பக்கத்து மலை இருந்தது.
இரண்டாவது ஆட்டத்தில் இல்லை.

எனக்கு ஸ்பேடு ராஜா.
அடியில் கிளாவர் ராஜா.
ஓரத்தைத் தூக்கிப் பார்த்து அப்படியே படுக்க வைத்தேன்.
முகத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை.
வெள்ளி விலை ஏறிய காலையில்
செவ்வாய்ப்பேட்டையில் சரக்கு இருக்கிற கடைக்காரி
பக்கத்துக் கடைக்கு ஒரு முகம் காட்டுவாள்.
அதை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

எட்டுக் கொட்டை வைத்தேன்.
பத்மநாப ராவ் கவிழ்த்தார்.
ஜெசிந்தா கவிழ்த்துவிட்டு
குக்கர் விசிலுக்கு எழுந்து போனாள்.
சென்றாயப்பன் மட்டும்
எட்டு எண்ணி, குறைகிறதோ என்று மறுபடி எண்ணி,
வைத்தான்.

மூன்று சீட்டு விரிந்தது.
எட்டு, ஒன்பது, பத்து.
மூன்றும் ஆர்ட்டின்.

என் ராஜாவைவிடப் பெரியது ஒன்றும் விழவில்லை.
அதுதான் கஷ்டம்.
ஆசு விழுந்திருந்தால்
துக்கம் கேட்டுவிட்டுத் திரும்பியிருப்பேன்.
இது ஐசியூ வாசல்.
போகவும் முடியாது, உட்காரவும் முடியாது.

பன்னிரண்டு வைத்தேன். கை நடுங்கவில்லை,
அதை நானே கவனித்ததுதான் தப்பு.
சென்றாயப்பன் எண்ணவில்லை.
குவளையோடு தள்ளினான்.

அவனுக்கு இரண்டு ரிக் வண்டி.
ஓமலூர், தாரமங்கலம், மேச்சேரி என்று
எண்ணூறு அடி, தொள்ளாயிரம் அடி இறக்குவான்.
தண்ணி வந்தாலும் அடிக்கணக்கு,
புகை வந்தாலும் அடிக்கணக்கு.
காட்டுக்காரன் தலையில் கைவைத்து உட்காரும்போது
பக்கத்தில் நின்று பீடி பற்றவைத்துப் பழகிய முகம்.
அதில் நான் எதைப் படிக்க?
கொலுசை உள்ளங்கையில் தூக்கினால்
எத்தனை பங்கு கலப்பென்று சொல்லிவிடுவேன்.
இவன் எழுபத்தைந்து கிலோ.

ஆர்ட்டினில் இரண்டு வைத்திருக்கலாம்.
ஏழும் மந்திரியும் இருக்கலாம்.
ஜோடி எட்டு.
இல்லை, ஒன்றுமே இல்லாமல்
ஒன்பது மணிக்குள் மலை இறங்கணும் என்கிற
அவசரம் மட்டும் இருக்கலாம்.
ராவ் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்,
அவருடையதல்லாத ஒரு கைக்காக.
என் குவளையில் முப்பது கொட்டை.
இரண்டு முறை எண்ணினேன், முப்பதுதான்.
வெளியே மஞ்சு வாசற்படி ஏறி
செருப்புகளை மறைத்தது.

ராஜாக்களைக் குப்புறத் தள்ளினேன்.
அவன் தன் சீட்டைக் காட்டவில்லை.
கட்டுக்குள் செருகிக் கலைத்தான்,
கலைத்துக்கொண்டே இருந்தான்.

இறங்கும்போது அவன் பொலேரோதான்.
என் ஸ்கூட்டரில் முன்விளக்கு எரியவில்லை.
இருபது, பத்தொன்பது, பதினெட்டு என்று
வளைவுப் பலகைகள் மட்டும் வந்து வந்து போயின.
பதினோராவதில் பலகையும் தெரியவில்லை.
ஆரன் அடித்தான்.
யாரும் திருப்பி அடிக்கவில்லை.
ஒடித்துத் திருப்பினான்.

"அக்கா, அந்தக் கையில என்ன வச்சிருந்தீங்க?"

"ரெண்டு ஆறு."

தலையாட்டினான்.
நம்புகிறவன் ஆட்டுவதைவிடக் கொஞ்சம் அதிகமாக.

"நீ?"

கியரை மாற்றினான். ஒன்பது போனது. எட்டு போனது.
பிரேக் கருகும் வாசம் உள்ளே வந்தது.

"புகைதான்க்கா" என்றான்.

எண்ணூறாவது அடியிலும் அப்படித்தான் சொல்வானாம்,
சேறு பீறிட்டுச் சட்டையில் தெறிக்கிற வரைக்கும்.

அடிவாரத்தில் கண்ணாடியை இறக்கினான்.
சேலத்துச் சூடு முகத்தில் அடித்தது.
கோரிமேட்டில் இறங்கி, சில்லறைக்குப் பையைத் துழாவினேன்.
ஒரு கொட்டை, எப்படி வந்ததோ, விரலில் பட்டது.
நூறு ரூபாய்.
ஆட்டோக்காரர் எண்பது கேட்டார்.