அடிக்கணக்கு

வியாழக்கிழமை மத்தியானம் ஹாம்பர்க்கிலிருந்து மூன்று வரி:
புதுப்பிக்கவில்லை, நன்றி, மாதக் கடைசி வரை.
கீழே ரிக் வண்டிக்கு பிட் விற்கும் கடையில்
யாரோ இரும்பைத் தட்டித் தட்டி விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

திருச்செங்கோட்டில் ஒப்பந்தம் என்றால்
யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.
இங்கிருந்து கிளம்பும் வண்டிகள்
சத்தீஸ்கரில் துளை போடும், பீகாரில் மழைக்கு ஒதுங்கும்.
அடிக்கு இவ்வளவு, கேசிங் தனி, டீசல் உன் தலையில்.
எனக்கு மணிக்கு இவ்வளவு.
கரண்ட் என் தலையில்.

மொழியின் பெயர் ரஸ்ட் என்று சொன்ன அன்று
வீட்டுக்காரர் செங்கோட்டுவேல் சிரித்தார்:
"துருவுக்கா கண்ணு இத்தனை காசு?
நம்ம யார்டுல வந்து அள்ளிக்க, சும்மாவே தர்றேன்."

அந்த மொழிக்கு ஒரு பிடிவாதம்.
ஒரு பொருளுக்கு ஒரே உரிமைக்காரர்.
திருத்தச் சொல்லி இரவல் கொடுத்துவிட்டால்
திரும்பி வரும்வரை கொடுத்தவளும் தொடக்கூடாது.
மீறினால் சிவப்பில் எழுதும், அம்பு போட்டுக் காட்டும்,
ஓடவே விடாது.
நாலு வருசம் மல்லுக்கட்டி
கடைசியில் அதன் பக்கமே சாய்ந்துவிட்டேன்.

வங்கி மேலாளருக்கு இதெல்லாம் வேண்டாம்.
"சேலரி ஸ்லிப் இருக்குங்களா?"
இல்லைங்க. இன்வாய்ஸ் இருக்கு, முப்பத்தொன்பது.
யூரோவில் வந்த வரவு இருக்கு, ஜி.எஸ்.டி. கட்டினது இருக்கு.
ஃபைலை மூடினார்.
என் கம்பைலராவது
எந்த வரியில் தப்பு என்று சொல்லும், இவர்
மின்விசிறியைப் பார்த்தார்.

ராத்திரி வேலை தேடினால்
பத்து வருட அனுபவம் வேண்டுமாம்.
மொழி தள்ளாடாமல் நடக்கப் பழகியே
ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகிறது.
ஜாவாவுக்கு எண்ணூறு இடம். இதற்குப் பதினொன்று.
அதில் ஆறு, கண்ணுக்குத் தெரியாத நாணயம் அடிப்பவர்கள்.
மிச்ச ஐந்துக்கு நானும்
வேலகவுண்டம்பட்டி தருணேஷும்.
போன மாதம் ஒரே வேலைக்கு இருவரும் கேட்டிருந்தோம் என்பது
அவன் ரேட்டைக் குறைத்த பிறகுதான் தெரிந்தது.
சண்டை இல்லை.
அவனுக்கும் கிடைக்கவில்லை.

உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து
நீரோட்டம் பார்த்து நடக்கிறவரைக்
கூப்பிடலாமா என்றுகூட நினைத்தேன்.
ஆறரை அங்குலத் துளை. தெரிந்தேதான் இறங்கினேன்.
இந்நேரம் பக்கத்தில் நாலு குழி வெட்டி வைத்திருக்கலாம்,
பைத்தானில் ஒன்று, மற்றதில் ஒன்று.

செங்கோட்டுவேலின் வண்டி ஒன்று ராய்ச்சூரில் நிற்கிறது.
எழுநூறு அடியிலும் வெறும் புகை.
தோட்டத்துக்காரர் காசு தரமாட்டேன் என்கிறார்.
மொட்டைமாடியில் நின்று ஃபோனில் இவர் கத்துகிறார்:
"தண்ணிக்கா ரேட் பேசுனோம்? அடிக்குத்தானய்யா பேசுனோம்!
கன்னடத்துல சொல்லு அந்தாளுக்கு!"

செவ்வாய்க்கிழமை பீளமேட்டு பம்ப் கம்பெனி கூப்பிட்டது.
ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் பழைய சி நிரல்,
ராத்திரி மூணு ஃபேஸ் வரும்போது உறைந்துபோகிறதாம்.
மாற்றி எழுத நாற்பது நாள்.
"மோட்டார் ஓடினாத்தானுங்க காசு."
மணிக்குத்தானுங்க, என்றேன்.
நீட்டாகக் கத்த வரவில்லை, ஆனாலும் சொன்னேன்.
கொட்டேஷனில் தொகையை அடித்தேன், அழித்தேன்,
அதே தொகையைத் திரும்ப அடித்து அனுப்பினேன்.

அன்று சாயங்காலமே சரி என்று வந்தது.
தருணேஷைக் கூப்பிட்டேன்.
பாதி உனக்கு, நீ முடிக்கும்வரை
உன் பாதியை நான் தொடமாட்டேன்.
கொஞ்ச நேரம் லாரிச் சத்தம் மட்டும் கேட்டது.
பிறகு,
ரேட் என்ன, என்றான்.