ஒன்பது மில்லி

கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு
முந்நூறு அடி இந்தப்பக்கம் என் கடை.
பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி,
கட்சி மாறியவருக்கு வரவேற்பு,
எல்லாம் சதுர அடிக் கணக்கு.
இசைத்தட்டு உறை இதுதான் முதல் தடவை.

ஜிஸ்னா கொச்சியில் பாடுகிறவள்.
இரண்டு பாஷையும் கலந்து பாடுவாள்,
எங்கள் ஊர் டீக்கடையில் கடன் சொல்வதைப் போல.
போன மார்ச்சில், ராத்திரி இரண்டரைக்கு,
நடுரோட்டில் நின்று எடுத்த படம்.
தமிழ்நாட்டுத் தார் முடிந்து
கேரளத் தார் தொடங்கும் தையலில்
இடது ஷூ இங்கே, வலது ஷூ அங்கே.
மேலே சோடியம் விளக்கு.
காமாலை கண்டவளைப் போல முகமெல்லாம் மஞ்சள்.

பன்னிரண்டேகால் அங்குலச் சதுரம்,
அதுபோல் இன்னொன்று, நடுவில் மடிப்பு.
சுற்றிலும் மூன்று மில்லி,
வெட்டுவதற்கென்றே வளர்க்கிற ஓரம்.
மடிப்பைத் தார்த் தையல்மேல் வைத்தேன்.
அவள் மூக்கும் அதே கோட்டில் வந்தது.
மூக்கில் மடித்தால் மசி வெடித்து உதிரும்.
அவளை அரை அங்குலம் கேரளத்துக்குத் தள்ளினேன்.
பேப்பர் கேட்க யாருமில்லை.

மேனேஜர் ஷைஜுவின் குரல்செய்திகள்:
கன்னத்து மச்சம் வேண்டாம்.
ஊர்ப் பலகை வேண்டாம்.
பீடி பற்றவைக்கிற ஆள் யார், அவரும் வேண்டாம்.
‘அந்த லாரியும் களயணும் சேச்சி,
மாடெல்லாம் ஒரு மாதிரி ஃபீல்.’

மச்சத்துக்கு இரண்டு சொடுக்கு.
எடுத்த இடம் உரித்த முட்டையாய் மின்னியது.
கழுத்திலிருந்து கொஞ்சம் தோல் கடன் வாங்கிப் பூசினேன்.
பீடிக்காரர் போனார்.
அவர் கைத் தீக்குச்சி மட்டும் அந்தரத்தில் எரிந்துகொண்டிருந்தது,
ஒரு மணி நேரம் கழித்துத்தான் கவனித்து அணைத்தேன்.
பலகை இருந்த இடத்தில் பக்கத்து இருட்டு.
இருட்டை நகலெடுப்பது சுலபம்.

லாரியில் கைவைக்கப் படத்தைப் பெரிதாக்கினேன்.
நானூறு சதவீதம்.
மரச்சட்டங்களின் இடுக்கில் ஒரு கண்.
கன்றாகத்தான் இருக்கும், இமைமயிரை எண்ணலாம்.
கண்ணுக்குள் விளக்கு ஒரு மஞ்சள் புள்ளி,
அதன்கீழே நான்கு பிக்சலில்
ஜிஸ்னாவின் முதுகு.
கேமராவை விட்டால்
அந்த ராத்திரியில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது
அது ஒன்றுதான்.

லாரியை மறைத்தேன். அட்வான்ஸ் வாங்கியிருக்கிறேனே.
கண்ணை மட்டும் தனி லேயரில் வெட்டி வைத்துவிட்டுச்
சாப்பிடப் போனேன்.
‘பரோட்டாவுக்கு என்னங்க்கா?’
வழக்கம்போல் பீஃப் என்று வாய் சொல்லிவிட்டது.
சாப்பிட்டும் முடித்தேன்.

தட்டின் நடுவில் ஒட்டும் வட்டம் இன்னும் காலி.
முதல் பக்கத்துக்குப் பாட்டுப் பெயர்கள்.
இரண்டாம் பக்கத்துக்குக்
காசளவில் கண்ணை வைத்தேன்.
அச்சகத்தார் தந்த துளைக்குறி
சரியாகக் கருவிழியில் உட்கார்ந்தது.
தட்டைச் சுழலியில் வைக்கிற ஒவ்வொருவரும்
அதன் வழியே ஒரு கம்பியை ஏற்றுவார்கள்.

ஒன்பது மில்லி நகர்த்தினேன்.
துளை இப்போது கண்ணோரத்தில்,
நீர் கோத்துக்கொள்ளும் மூலையில்.
அளவுகோல் வைத்துப் பார்க்கிறவனுக்கு
மையம் பிசகிய வேலை.

‘நல்லா இருக்கு சேச்சி, எந்தக் கிரகம் இது?
ஸ்டாக் போட்டோவா?’
லோக்கல்தான் என்றேன்.

சாயங்காலம் ஜிஸ்னாவே கூப்பிட்டாள்.
என் மச்சம் எங்கே என்றாள்.

நான் எதையும் அழிப்பதில்லை.
ஒவ்வொரு லேயர் பக்கத்திலும்
ஒரு குட்டிக் கண் படம் உண்டு,
அதை மூடிவிட்டால் அந்த லேயர் மறையும், அவ்வளவுதான்.
மச்சத்தின் கண்ணைத் திறந்தேன்.
பலகை, பீடிக்காரர், தீக்குச்சி, லாரி,
வரிசையாக மூடியே கிடந்தன.
லாரிமேல் அம்புக்குறி
கொஞ்ச நேரம் நின்றது.

ஏழு மணிக்குக் கோப்பு சிவகாசிக்குப் போனது.
அடுத்து காதுகுத்து, பத்துக்கு ஆறு,
குழந்தையின் கண்ணில் பட்ட ஃபிளாஷை எடுக்கணும்.