வினிகர் நிமிடம்

மலாவி ஏரி இன்று காலையிலிருந்தே இரைகிறது.
கிளினிக்கின் தகரக் கூரைக்குக் கீழே
ஃபலேசி ம்பாண்டே படுத்திருக்கிறாள்,
விரலிடுக்கில் உசிப்பாப் பொடிமீனின் செதில்.
முதுகுவலிக்கு மாத்திரை கேட்டு வந்தவள்.
வந்ததுதான் வந்தாய், அதையும் பார்த்துவிடலாம் என்றேன்.
திரைச்சீலையையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பிறகு செருப்பைக் கழற்றினாள்.

சின்னதுதான் கருப்பையின் வாய்,
நடுவில் குழிந்த ஒரு மொட்டு.
பஞ்சை வினிகரில் நனைத்து ஒற்றினேன்.
சந்தையில் உருளை வறுவலுக்குத் தெளிக்கிறார்களே, அதேதான்,
அளந்து நீர் சேர்த்தது.
இனி ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும்.

அந்த நிமிடத்துக்குள்
பதினைந்து வருடம் கிடக்கிறது.

என்றோ, கண்ணுக்கு அகப்படாத ஒரு கீறல் வழியே
உள்ளே இறங்கியது அது.
காய்ச்சல் இல்லை. அரிப்பு இல்லை.
அடித்தட்டில், செல்கள் பிறக்கும் இடத்தில்,
வாடகை பேசாமல் குடியேறியது.
பெரும்பாலான பெண்களின் உடம்பு
ஒன்றிரண்டு வருடத்தில் துரத்திவிடும்,
துரத்தியது அவர்களுக்கே தெரியாமல்.
சிலரிடம் தங்கிவிடும்.
ஏன் இவரிடம், ஏன் அவரிடம் இல்லை?
இருபது வருடமாக இந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன்,
எனக்குத் தெரியாது.

"போதும், நில்" என்று செல்லுக்குச் சொல்ல
உள்ளே இரண்டு காவல் உண்டு.
தங்கியது முதலில் அந்த இரண்டு வாயையும் பொத்தும்.
பிறகு செல்லின் ஏட்டுக்குள்ளேயே
தன் வரியைச் செருகிவிடும்.
படியெடுக்கும் ஏட்டிலெல்லாம் அந்த வரியும் ஏறும்.
நிறுத்தச் சொல்ல ஆளில்லாத செல்
பிரியும், பிரியும்,
தட்டுத் தட்டாய் மேலேறும்,
ஒரு நாள் தரையைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கும்.

இவள் அக்கா ட்ரைனஸ் வந்தது
தரை கிழிந்த பிறகு.
மூன்று துணி மாற்றியும் அடங்காத நாற்றம்;
நெரிசலான மினிபஸ்ஸில்
அவள் பக்கத்து இடம் மட்டும் காலி.

"எவ்வளவு ஆயிற்று?"
"நாற்பது நொடி."
"இருந்தால், யார் கொடுத்ததாக இருக்கும்?"
புருஷன் ஜோகன்னஸ்பர்க் போய் மூன்று வருடம்.
அவனா, அவனுக்கு முன்னாலா, எந்த வருடத்து இரவு?
"இது பெயர் எழுதிவைத்துவிட்டு வருவதில்லை" என்றேன்.

விளக்கைச் சாய்த்தேன்.
வெள்ளை.
மேலுதட்டோரம், நகத்தளவு,
பால் குடித்த குழந்தை வாய் துடைக்காமல் ஓடியதுபோல.

"புற்றா?"
"இல்லை. ஆகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது."

சூட்டுக்கோலின் பேட்டரியில் இரண்டு கோடு. போதும்.
நூறு டிகிரி, நாற்பத்தைந்து நொடி.
மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.
மாதவிலக்கு வலிபோல ஒன்று வந்து போனது, அவ்வளவே.
ஆறு வாரம் கூடாது என்றதும் சிரித்துவிட்டாள்:
"அதை ஜோகன்னஸ்பர்க்குக்கு எழுதிப் போடுங்கள்."

இடுப்பில் துணியை முடிந்தபோது சிரிப்பு போயிருந்தது.
போன வருடம், பள்ளியில் ஊசி போட்ட நாளில்,
பிள்ளை பிறக்காது என்று யாரோ சொன்னதைக் கேட்டு
மகள் லுசுங்குவை
மீன் காயும் பரண்களுக்குப் பின்னால் ஒளித்தவள் இவள்.
பட்டியலில் அந்தப் பெயரை
மூன்று முறை கூப்பிட்டவள் நான்.

"அந்த ஊசி," என்றாள், என்னைப் பார்க்காமல்,
"மிச்சம் இருக்கிறதா?"

குளிர்பெட்டியைத் திறந்தேன்.
பனிக்கட்டி இருந்தது.
மாவட்ட ஆபீசுக்குப் போன் போட்டேன்,
மணி அடித்துக்கொண்டே இருந்தது.
வெளியே மீன் லாரி இரண்டு முறை ஹாரன் கொடுத்தது,
அவளுக்காகத்தான்.
அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள்.